எலிகள் பார்த்த காலண்டர்

"மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவரிடமிருந்து யாரும் தப்பித்துப் போக முடியாது.

எங்கள் ஒர்க் ஷாப்புக்கு எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் ஒருநாள் தட்டில் மூன்று டீயை வைத்துக்கொண்டு வந்தார். ஒன்று எனக்கு, ஒன்று லேத்தில் நிற்கும் பழனிச்சாமிக்கு, ஒன்று வேலை சொல்ல வந்திருந்த அந்த அம்மாவுக்கு. அவர் சர்க்கரை இல்லாமல் கேட்டிருந்தார். ஒரு வாய் குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அடடா, சக்கர வேண்டாம்னு சொன்னீங்கல்ல அம்மணி. மறந்துபோட்டனுங்க" என்றார் கடைக்காரர்.

"இருங்க, இருங்க. மறந்தீங்களான்னு மொதல்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணா, உங்க டீ எப்படி இருக்குதுங்க?"

நான் அதற்குள் பாதி டம்ளரைக் காலி செய்திருந்தேன். கேட்ட பிறகுதான் நாக்குக்கு உறைத்தது.

"சப்புன்னு இருக்குதுங்க."

"பாத்தீங்களா. சக்கர இல்லாம ஒண்ணு போட்டுத்தான் கொண்டாந்திருக்காரு. மூணு டம்ளரும் ஒரே மாதிரி இருந்துச்சு, கை மாறிப்போச்சு. நாளைக்கு எனக்கு மட்டும் வேற டம்ளர்ல கொண்டாங்க, சரியாப் போயிரும்."

கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இவங்களக் கொண்டுபோய் எங்கூட்டுல ஒருநாள் உக்கார வெச்சா, எனக்குப் பாதி திட்டு கொறைஞ்சிரும்" என்று பழனிச்சாமியிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அதுதான் அவர். எலிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பரீட்சை வைக்கிற டாக்டர். ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. பெயரைப் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் டாக்டரம்மா என்றே எழுதுகிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொல்வது பாதியில் நின்றுவிடும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். சிங்காநல்லூரில் ஒரு தகரக் கொட்டகையில் வெல்டிங் கற்றுக்கொண்டு, அந்தக் கொட்டகையையே பின்னால் விலைக்கு வாங்கியவன். வாங்கியதோடு நிற்காமல் பக்கத்துக் கொட்டகையையும் வாங்கினேன். கிழக்கே இருக்கும் மில்களில் எந்தக் குழாய் எந்த அளவு, மேட்டுப்பாளையம் மண்டிகளில் எந்தக் கூரைக்கு எந்தக் கம்பி என்பதெல்லாம் இந்தத் தலைக்குள் இருக்கிறது. வரைபடம் வைத்து வேலை செய்ததே கிடையாது. மகன் படித்து முடித்து வந்து, அளவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கலாம் என்று சொன்னபோது, "எதுக்குடா? நான் இருக்கறனல்ல" என்றேன். இரும்பு வேலையில் என்னைக் கேட்க ஆளில்லை. வேண்டுமானால் எங்கள் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட என்னிடம் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஒரு வட்டத் தொட்டி வேண்டும் என்றார். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இதுக்கும் கொஞ்சம் சாஸ்தியா அகலம்" என்றார். உள்ளே ஒரு குட்டி மேடை வேண்டும். அதைத் தண்ணீருக்குக் கீழே மறைகிற மாதிரி ஏற்றி இறக்க வரவேண்டும்.

"மீன் வளக்கறீங்ளா?"

"எலி நீஞ்சறதுக்குங்ண்ணா."

பழனிச்சாமி லேத்தை நிறுத்திவிட்டான். இந்த மாதிரி வேலை கேட்டு வந்தால் மற்றவர்கள் சிரித்து அனுப்பியிருப்பார்கள். நான் ஒத்துக்கொண்டேன். எவர்சில்வரில் அடித்து, வெல்டிங் கோடே தெரியாமல் தேய்த்து, உள்ளே குனிந்தால் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டு வைத்தேன். தெருவில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குதுங்ண்ணா. இத அப்படியே மங்க வெச்சுக் குடுங்க."

"ஏனுங்க?"

"எலி அதுல தன் மூஞ்சியப் பாத்துட்டு நின்னுக்கும். அப்பறம் வழி மறந்துருச்சுன்னு நம்ம எழுதுவோம். பாவம் எலி மேல பழி."

போட்ட பாலிஷை எடுக்கச் சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான். மனது கேட்கவில்லை. ஆனாலும் மங்க வைத்தேன். அதையும் என்னைவிட நன்றாக யாரும் மங்க வைத்திருக்க மாட்டார்கள்.

தொட்டியை இறக்கி வைக்க நானே போனேன். தண்ணீர் நிரப்பி, அதில் பால் பவுடரைக் கலக்கி வெள்ளையாக்கினார். மேடை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. "எலிக்குப் பாலாபிஷேகமுங்ளா?" என்றேன். ஆய்வுக்கூடமே அதிர்கிற மாதிரிச் சிரித்தார். அவர் சிரிப்பு அப்படித்தான், லேத் ஓடும்போதுகூடக் கேட்கும்.

ஒரு வெள்ளை எலியை மெல்ல நீரில் விட்டார். அது சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நீந்தியது. எப்படியோ மேடையில் கால் பட்டது, ஏறி உட்கார்ந்துகொண்டது. அதை எடுத்து, தனித் துண்டில் துடைத்து, கொஞ்சம் காயவிட்டு, வேறொரு பக்கத்திலிருந்து மறுபடி விட்டார். ஒவ்வோர் எலிக்கும் ஒரு ஈரோட்டுத் துண்டு வைத்திருந்தார். சில நாள் கழித்து வடிகால் வால்வைப் பார்க்கப் போனபோது, அதே எலி எந்தப் பக்கம் விட்டாலும் நேராக மேடைக்குப் போனது.

"மேடைதான் கண்ணுக்குத் தெரியலீங்களே அம்மணி. எப்படிப் போகுது?"

"செவுத்தப் பாத்துத்தானுங்ண்ணா. கதவு எங்க, திரை எங்கன்னு பாத்து வெச்சுக்குது. நீங்க சிங்காநல்லூர்ல பஸ்ஸ விட்டு எறங்கி ஊட்டுக்கு எப்படிப் போறீங்க? அப்படித்தான்."

அந்தச் சுவர்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. எங்கள் கம்பெனி காலண்டரை எடுத்துப் போயிருந்தேன். நான் எங்கே வேலை முடித்தாலும் ஒரு காலண்டர் மாட்டிவிட்டுத்தான் வருவேன். வருடா வருடம் அதே மருதமலை முருகன், அதே மஞ்சள், கீழே சிவப்பில் கம்பெனி பெயர், சைக்கிளில் போகிறவன்கூடப் படிக்கிற அளவில். மூலையில் ஓர் ஆணி இருந்தது, மாட்டினேன். டாக்டரம்மா கழுத்தில் மெல்லிய சிலுவைச் செயின் இருப்பதை அப்புறம்தான் கவனித்தேன். "எடுத்தர்றனுங்க" என்றேன்.

"இருக்கட்டுமுங்ண்ணா. எலிக்கும் ஒரு அடையாளம் வேணுமல்ல."

அன்றைக்குத்தான் ஊசியைப் பற்றியும் சொன்னார். வழி கற்றுக்கொண்ட எலிகளில் சிலவற்றுக்கு வலிப்பு வரவைக்கிற மருந்து, சிலவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு எல்லாவற்றையும் மறுபடி நீரில் விட்டு, வழி நினைவிருக்கிறதா, புது வழி கற்றுக்கொள்ள வருகிறதா என்று பார்ப்பது. ஊசி போடுவது வேறோர் ஆள். எதற்கு எந்த ஊசி என்பதை இவரிடம் சொல்லக்கூடாது என்று இவரே ஏற்பாடு செய்திருந்தார். "தெரிஞ்சா என் கண்ணு அதுக்குத் தக்கன பாக்குமுங்ண்ணா. வலிப்பு வந்த எலி கொஞ்சம் நின்னு மூக்கச் சொறிஞ்சாக்கூட, ஐயோ மறந்துருச்சேன்னு தோணும்."

"வாயில்லாச் சீவனுக்கு வலிப்பு வர வெக்கிறது பாவமுங்களே" என்றேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

அவர் கோபப்படவில்லை. "பாவந்தானுங்ண்ணா. அதனாலதான் ஒண்ணுகூட வீணாப் போயிரக் கூடாதுன்னு பாக்கறேன். வலிப்பு வந்தவங்களுக்குப் படிப்பு ஏறாது, எதுவும் நெனப்பு நிக்காதுன்னு ஊரு சொல்லுது. எது நெசமாப் போகுது, எது போறதில்லன்னு தெரியணுமல்ல."

எலியின் முதுகைத் துடைத்துக்கொண்டே தானாகப் பேசினார். அவருடைய ஆட்கள் வெள்ளகோவில் பக்கம் தலைமுறையாகப் பண்ணைக்கூலி வேலை பார்த்தவர்கள். அவர் சித்திக்கு வலிப்பு. பண்ணையில் அவளுக்கு மறதிக்காரி என்று பேர். "வரப்புல நின்னு தூரத்துல இருந்து கத்துவாங்க. காத்துல பாதி வந்து சேராது. யாரும் அவ கிட்ட வந்து ஒழுங்காச் சொன்னதே இல்லீங்ண்ணா. சொல்லாதத எப்படி மறப்பா?"

இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் வருத்தம் தங்கவில்லை. எலியைக் கூண்டில் விட்டுவிட்டு, "மேடைக்கு ஒரு சின்னக் கொடி வேணுமுங்ண்ணா" என்றார்.

அந்தக் கொடிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஓர் எலி வழி தெரியாமல் சுற்றினால், மேடையை நீருக்கு மேலே ஏற்றி, கொடியைச் செருகி, அந்த எலியை மறுபடி விடுவார். கொடியைப் பார்த்து நேராகப் போனால் கண்ணும் காலும் சரி, மறதியைப் பற்றி அப்புறம் பேசலாம். கொடியையே பார்க்காமல் சுற்றினால் அதற்குக் கண் சரியில்லை, அல்லது களைப்பு, அல்லது பயம். "மறந்துருச்சுன்னு சொல்றதுதாங்ண்ணா கடைசி. அதுக்கு முன்னால வேற என்னன்னு பாத்துரணும்."

அந்தத் தீபாவளிக்கு முன்னால் எனக்கே வலிப்பு வந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டிக்குக் கூரை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக் கட்டில். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு முறையும் வந்தது. படமெல்லாம் எடுத்துப் பார்த்து, மாத்திரை கொடுத்தார்கள், தவறாமல் சாப்பிட்டால் அடங்கும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் எனக்கு நினைவில் இல்லை, போனது போனதுதான். மற்றபடி நான் நன்றாகத்தான் இருந்தேன். நன்றாக இருப்பதாக நினைத்தேன்.

ஒர்க் ஷாப்புக்குத் திரும்பிய அன்று கதை வேறாக இருந்தது. இந்த இடைவெளியில் மகன் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று பிடித்திருந்தான். அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று கொட்டகைக்குப் பெயின்ட் அடித்து, ராக்குகள் போட்டு, எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பேனரைத் தேடினால் கிடைக்கவில்லை, மார்க்கிங் சாக்பீஸ் கிடைக்கவில்லை. கையை நீட்டினால் சுவர்தான் தட்டுப்பட்டது. மகன் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தான். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் என் மனைவியும் மருமகளும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். ஒருநாள் மகனே சொன்னான்.

"அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஒண்ணொண்ணா மறக்குது. மெசின் பக்கம் நிக்கறது ஆபத்து. பொங்கல் கழிஞ்சு சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு ஊட்டோட இருங்க. நான் பாத்துக்கறேன்."

என் மனைவி, "அவன் சொல்றதும் நாயந்தானுங்க" என்றாள்.

தலைக்குள் இருப்பதுதான் என் சொத்து. அதுவே ஒழுகுகிறது என்றால் என்ன செய்வது? எந்த மில்லுக்கு எந்த அளவு என்று மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். எல்லாம் வந்தது. வந்ததெல்லாம் சரிதானா என்று யாரைக் கேட்பது? கேட்டால் மறதி என்பது உறுதியாகிவிடும். டாக்டரம்மாவிடமும் சொல்லவில்லை. சுற்றி வளைத்து மட்டும் ஒருமுறை கேட்டேன்.

"எலிக மறந்துருதுங்ளா அம்மணி, வலிப்புக்கு அப்பறம்?"

"இன்னும் தெரியலீங்ண்ணா. வருசம் பொறந்ததும் நீஞ்ச விடப்போறேன்."

"சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லுங்க."

"உத்தேசம் சொன்னா அப்பறம் நான் அதைத்தான் பாப்பேன்" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு முதன்முறையாக எரிச்சல் வந்தது.

புது வருடம் பிறந்த அன்று காலையில் புதுக் காலண்டரை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வால்வுக்கு வாஷர் மாற்றுகிற வேலையும் இருந்தது. வாட்ச்மேன் பழக்கமானவர், திறந்து விட்டார். வாஷரை மாற்றினேன். பிறகு பார்த்தால், நம் காலண்டர் மூலையில், கதவுக்குப் பின்னால், வருகிறவர் கண்ணில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினேன். எதிர்ச்சுவரில் நல்ல ஆணியாக அடித்து, கதவைத் திறந்ததும் முகத்துக்கு நேரே தெரிகிற மாதிரிப் புதியதை மாட்டினேன். முருகன் பளிச்சென்று இருந்தார். திருப்தியாக வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. நடந்ததைப் பின்னால்தான் முழுதாகச் சொன்னார். எலிகளை நீரில் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை மேடை இருக்கிற பக்கமே போகவில்லை. நேர் எதிர்ப்பக்கம் போய், அங்கேயே தேடித் தேடி நீந்தின. கூட வேலை செய்தவர்களுக்கு ஒரே குழப்பம். உப்புத் தண்ணீர் ஊசி போட்ட எலிகளும் இதில் இருக்க வேண்டுமே, எல்லாமா மறந்திருக்கும், ஊசி மாறிவிட்டதா என்று பேசியிருக்கிறார்கள். டாக்டரம்மா மட்டும் கொடியை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். கொடியைச் செருகி விட்டால் எல்லாம் நேராக வந்து ஏறின. கண் சரி, கால் சரி. உடனே அவர் என்ன செய்தார் தெரியுமா? தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, தாடையை விளிம்பில் வைத்து, எலியின் கண் இருக்கிற உயரத்திலிருந்து நாலு சுவரையும் சுற்றிப் பார்த்திருக்கிறார். மருதமலை முருகன் எதிர்ப்பக்கம் நின்று சிரித்திருக்கிறார்.

"அண்ணா, காலண்டர நீங்களா எடம் மாத்துனீங்க?" என்றார் போனில்.

"ஐயோ அம்மணி, தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னத நான் மறந்துபோட்டனுங்க. இப்பெல்லாம் எனக்கு மறந்து மறந்து போகுதுங்க."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, தொடாதீங்கன்னு நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே. இங்க வேல செய்யறவங்ககிட்டத்தான் சொன்னேன். சொல்லாதத எதுக்கு மறந்துட்டேங்கறீங்க?"

அப்போதுதான் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் விழுந்தது, மாத்திரை, ஸ்பேனர், பொங்கல் கழிந்து சாவி. எல்லாம் சொன்னேன். முடிந்ததும், "நாளைக்கு வாரேனுங்ண்ணா. டீக்கடக்காரருகிட்ட என் டம்ளர எடுத்து வெக்கச் சொல்லுங்க" என்றார்.

வந்தார். மகனும் இருந்தான். "அண்ணா, அளக்கற டேப் ஒண்ணு எடுத்துக் குடுங்க பாக்கலாம்" என்றார், சாதாரணமாக. நான் நாலடி நடந்து, நடுத்தூணுக்குப் போய், தலைக்கு மேலே கையை நீட்டினேன். அங்கே ஒன்றுமில்லை. வெறும் தூண்.

"பாத்தீங்ளா மேடம். இப்படித்தான்" என்றான் மகன், மெதுவாக, எனக்குக் கேட்காது என்று நினைத்து.

அவர் தூணுக்குப் பக்கத்தில் வந்து, என் கை நின்ற இடத்தில் விரலால் தடவினார். புதுப் பெயின்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை அடைத்திருந்தது தெரிந்தது. "தம்பி, இங்க முன்னால என்ன இருந்துச்சு?"

மகன் யோசித்தான். லேத்திலிருந்து பழனிச்சாமிதான் பதில் சொன்னான். "டேப்பு ஆணிங்க. நான் சேந்ததுல இருந்து அங்கதான் தொங்கிட்டிருந்துச்சுங்க."

"ஸ்பேனர்?" என்று என்னிடம் கேட்டார். நான் மேற்குச் சுவருக்குப் போனேன். "அதேதானுங்க, அங்கதான் பலகை இருந்துச்சு" என்றான் பழனிச்சாமி. சாக்பீஸ் கேட்டார். கதவுக்கு இடதுபக்கம் போனேன். "ஆமாங்க, பழைய தகர டப்பா" என்றான். அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நான் போய்ப் போய் இல்லாத சாமான்களைச் சரியான இடத்தில் தொட்டுக்கொண்டிருந்தேன். பழனிச்சாமி லேத்தை அணைத்துவிட்டு, ஏலம் போடுகிறவன் மாதிரிக் கத்திக் கத்தி உறுதி சொன்னான். மகன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"தம்பி, உங்கப்பாவுக்கு மறக்கலீங்க" என்றார் டாக்டரம்மா. "காலண்டர எடம் மாத்திப்போட்டீங்க. அவ்வளவுதான்."

காலண்டர் கதையை அங்கேயே சொன்னார். அவன் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்று, தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். "புது ராக்குல எது எங்கன்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்லீங்களேப்பா" என்றான். "எடுத்து எடுத்துக் கையில குடுத்தனே ஒழிய, ஒருதடவகூடக் காட்டல."

ஆனால் அவர் என்னையும் சும்மா விடவில்லை. "பழசு அப்படியே இருக்குது, சரி. புதுசு எப்படின்னு பாக்க வேண்டாமுங்ளா?" ராக்குகளைச் சுற்றிக் காட்டச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து மகன் என்னை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னான். முதலில் சுற்றித்தான் போனேன். கை பழைய இடத்துக்கே போனது. மெல்ல மெல்லத் திரும்பியது. கொஞ்சம் தாமதம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போனால் என் மனைவி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "எலி இன்னிக்கி மேடை ஏறிருச்சுங்ளா?" என்று கேட்பாள். பொங்கலுக்குள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டேன். என் வயசில் எவனாவது அப்படிக் கற்றுக்கொண்டு காட்டட்டும்.

பொங்கலுக்கு அவரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். என் மனைவி நாள் பார்த்துக் காத்திருந்தவள் மாதிரிக் கேட்டாள். "டாக்டரம்மா, இவரு கல்யாண நாள வருசா வருசம் மறந்துபோடறாரு. அதுக்கு வேற என்ன காரணம்னு பாத்துச் சொல்லுங்க."

"அத மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்கக்கா. அது மறதியேதான்."

அன்றைக்குத்தான் எலிகளின் முடிவையும் சொன்னார். எந்த எலிக்கு எந்த ஊசி என்று எழுதி வைத்திருந்ததைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். வலிப்பு கொஞ்சமாக வந்து அடங்கிய எலிகளும், உப்புத் தண்ணீர் எலிகளைப் போலவே, காலண்டரை நம்பி எதிர்ப்பக்கம்தான் போயிருக்கின்றன. "அதுகளுக்கு வழி மறக்கலீங்ண்ணா. உங்க முருகனத் தேடித்தான் போயிருக்குது. பரீட்ச வீணாப் போச்சுன்னு மொதல்ல நெனச்சேன். வீணாப் போகல. எதப் பாத்துப் போகுதுன்னே தெரிஞ்சுபோச்சு." வலிப்பு அடங்காமல் நீண்டுகொண்டே போன எலிகள் வேறு. அவை எந்தப் பக்கமும் இல்லாமல் சுற்றின. கொடியைப் பார்த்து வந்தன, ஆனால் மேடையை மறைத்தால் மறுபடி சுற்றின. புது வழியும் அவற்றுக்கு ஏறுவதாக இல்லை. "அதுக மறந்துதான் போச்சுங்க. வேற எல்லாம் பாத்துட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

"அப்ப நான் எந்த எலிங்க?" என்றேன்.

"எலி எலிதானுங்ண்ணா, நீங்க நீங்கதான். உங்களப் பத்தி உங்க டாக்டரத்தான் கேக்கணும். ஆனா ஒண்ணு. மாத்திரைய ஒருவேளை விட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா, அந்தத் தொட்டியில உங்களத் தூக்கிப் போட்டு நீஞ்ச விட்டுருவேன்."

சாவி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது. மாத்திரையும் தவறவில்லை, வலிப்பும் வரவில்லை. மெஷின் பக்கம் நிற்க வேண்டாம் என்று என் டாக்டரே சொன்னதால் அதை மட்டும் விட்டுவிட்டேன். அளவுகளையெல்லாம் மகன் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். நான் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவன் தட்டுகிறான். அவன் போய் டேப் பிடித்துச் சரிபார்த்ததில் இதுவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. நடுத்தூணில் ஓட்டையை மறுபடி குடைந்து டேப்புக்கு ஓர் ஆணியும் அடித்திருக்கிறான். ராக்கிலும் ஒரு டேப் இருக்கிறது. நான் இரண்டிடத்திலும் எடுப்பேன்.

டாக்டரம்மா மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. காலண்டர் மட்டும் வருடம் தவறாமல் அனுப்புகிறேன். இந்த வருடம் தை பிறந்த பிறகு அவரிடமிருந்து போன் வந்தது, மகன்தான் எடுத்தான்.

"தம்பி, காலண்டர் வரலீங்களே."

"அப்பா மறந்திருப்பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டான், பயல். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மறந்திருக்க மாட்டாருங்க. வேற என்னன்னு நானே பாத்துட்டுக் கூப்பிடறேன்."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டார். பேச்சுக்கு முன்னால் அந்தச் சிரிப்புதான் வந்தது. பார்சல் மார்கழியிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே வாட்ச்மேன் நம் பக்கத்து ஆள், முருக பக்தர். மேலே ஒட்டியிருந்த பெயரைப் பார்க்காமல் பிரித்து, தன் அறையிலேயே மாட்டிக்கொண்டாராம்.

"எந்தச் செவுத்துலீங்க?" என்று கேட்டேன்.

"கதவத் தொறந்ததும் மூஞ்சிக்கு நேரா தெரியற செவுத்துலதானுங்ண்ணா."

நல்ல மனுஷன். இன்னொரு காலண்டர் இன்றைக்கே அனுப்பிவிட்டேன்.